சுரங்கத்துக்கும் சுவிட்சுக்கும் நடுவே



தொழில் சிறப்பிதழ் ஒன்று கொண்டுவருவது என்று முடிவானதும் ஆசிரியர் குழுவில் ஆளுக்கோர் ஊரைச் சொன்னார்கள். ஸ்ரீபெரும்புதூர் என்றார் ஒருவர். ஓசூர், திருப்பூர், தூத்துக்குடி என்று பட்டியல் நீண்டது. எல்லாமே நியாயமான ஊர்கள்தான். கைப்பேசியும் காரும் பனியனும் கப்பலேறிப் போகிற ஊர்களை விட்டுவிட்டு உலக விநியோகச் சங்கிலியைப் பற்றிப் பேச முடியாது; அந்த ஊர்களைப் பற்றிய கட்டுரைகள் உள்ளே இருக்கின்றன. ஆனால் இந்தப் பக்கத்துக்கு நான் எடுத்துக்கொண்டது நெய்வேலியை. அங்கே தோண்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரியின் பெரும்பகுதி ஊரெல்லையைக்கூடத் தாண்டுவதில்லை. சுரங்கத்தில் வெட்டியது கன்வேயர் பெல்ட்டில் ஏறி, சில கிலோமீட்டர் ஓடி, அனல்மின் நிலையத்துக் கொதிகலனில் விழுகிறது. இவ்வளவு குறுகிய சங்கிலி கொண்ட பெருந்தொழில் தமிழ்நாட்டில் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஏன் இதைப் பேச வேண்டும்? கடந்த சில ஆண்டுகளாக உலகம் முழுவதும் ஆலை முதலாளிகளும் அரசுகளும் ஒரே குரலில் சொல்வது சங்கிலியைச் சுருக்க வேண்டும் என்பதைத்தான். 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தது. 2021 மார்ச் 23 அன்று எவர் கிவன் என்ற கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டு ஆறு நாள் அந்த வழியாகப் போகும் உலக வணிகத்தை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டில் சிப் கிடைக்காமல் கார் ஆலைகள் ஷிப்ட்டுகளைக் குறைத்தன. புது வண்டிக்கு முன்பணம் கட்டியவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்ததை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட, ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனது. 2025 ஏப்ரலில் அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தது, இங்கே மின்சார ஸ்கூட்டர் செய்பவர்களைக் கலங்க வைத்தது. இத்தனையும் பட்ட பிறகு, தூரத்தில் வாங்காதே, பக்கத்திலேயே செய் என்பது உற்பத்தித் துறையின் புது மந்திரமாகிவிட்டது. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்ட வின்ஃபாஸ்ட் கார் ஆலை வரை அந்தப் போக்கின் கிளைகளைத் தமிழ்நாட்டில் பார்க்கலாம்.

பக்கத்திலேயே செய்தால் என்ன ஆகும் என்பதை அறுபது ஆண்டுக்கும் மேலாக வாழ்ந்து பார்த்த ஊர் நெய்வேலி. அதன் அனுபவத்தைக் கேட்காமல் இந்த விவாதம் முழுமையாகாது என்று நினைக்கிறேன்.

கதையின் தொடக்கம் நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அது என்ன என்று அறிய அரசின் கதவைத் தட்டியவர் அவர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1940களில் துளையிட்டுப் பார்த்தது. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் (என்எல்சி) 1956 நவம்பர் 14 அன்று பதிவானது. அப்போது முதலமைச்சர் காமராசர். 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். மேல் மண்ணையெல்லாம் அள்ளி முடித்து நிலக்கரியின் முகத்தைப் பார்க்க 1961 வரை ஆனது. மறு ஆண்டே, 1962இல், சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கிவிட்டது.

சுரங்கமும் மின் நிலையமும் ஏன் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன என்பதற்குக் காரணம் அந்தக் கரியின் குணம். நெய்வேலிக் கரியின் எடையில் ஏறக்குறையப் பாதி ஈரம். அதை ரயிலில் ஏற்றித் தொலைவுக்கு அனுப்பினால் பாதி வேகன் தண்ணீரைச் சுமந்துகொண்டு போவதாக அர்த்தம். சரி, வெட்டிக் குவித்து வைத்துக்கொள்ளலாமா என்றால் அதற்கும் வழியில்லை. காற்று பட்டு நாளாக நாளாகத் தானே சூடேறித் தீப்பிடிக்கும். ஆகவே இன்று வெட்டியதை இன்றோ நாளையோ எரித்தாக வேண்டும். கிடங்கில் சரக்கைத் தேக்காமல் தேவைப்படும்போது தேவைப்படும் அளவு மட்டும் வரவழைக்கும் முறையை டொயோட்டா நிறுவனம் உலகுக்குக் கற்றுக்கொடுத்தது என்று மேலாண்மைப் புத்தகங்கள் எழுதும். நெய்வேலிக்கு அதைப் பூமியே விதித்துவிட்டது.

இந்தக் குட்டைச் சங்கிலியை ஓட்டுவதற்கு ஆகிற பாட்டை நேரில் பார்த்தால்தான் புரியும். ஒரு டன் கரிக்கு ஐந்தாறு கன மீட்டர் மேல் மண்ணை அள்ளியாக வேண்டும். அந்த மண் சாதாரண மண்ணும் இல்லை. கடலூர் மணற்கல் என்று புவியியலாளர்கள் சொல்லும் கெட்டியான படிவம் நடுவே கிடக்கிறது. வெடி வைத்துத் தளர்த்திய பிறகே இயந்திரம் அதைக் கொத்த முடியும். கரிக்கு அடியிலோ அழுத்தத்தோடு பொங்கி நிற்கும் நிலத்தடி நீர். இரவு பகலாக அதை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கத் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். பம்புகளுக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்குக் கரி வேண்டும். கரி எடுக்கப் பம்பு ஓட வேண்டும். ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும். மழைக்காலத்தில் ஈரக் கரி பிசினாக ஒட்டிக்கொண்டு, பெல்ட்டிலிருந்து பெல்ட்டுக்கு மாறும் இடங்களில் அடைத்துவிடும் கஷ்டம் தனி. சுரங்க வேலைக்குப் போன யாரிடமாவது ஐப்பசி, கார்த்திகை மாதங்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், பெருமூச்சு விட்டுக்கொண்டே நிறையச் சொல்வார்கள்.

இவ்வளவு பாடுபட்டதற்குப் பலன் உண்டா? உண்டு. 2021 அக்டோபரில் நாட்டின் அனல்மின் நிலையங்களில் சராசரியாக நான்கு நாளுக்கே நிலக்கரி இருந்த அந்த வாரங்களை நினைத்துப் பாருங்கள். 2022 கோடையில் கரி ரயில்களுக்கு வழிவிடப் பயணிகள் ரயில்களை ரத்து செய்தார்கள். உக்ரைன் போருக்குப் பிறகு வெளிநாட்டு நிலக்கரியின் விலை அந்த ஆண்டில் டன்னுக்கு 400 டாலரைத் தாண்டியது. தமிழ்நாட்டு மின்வாரியத்தின் நிலையங்களுக்கு வரும் கரியின் பயணம் எத்தகையது என்றால், ஒடிசாவின் தால்சேரில் வெட்டி, ரயிலில் பாரதீப் துறைமுகம் சேர்த்து, பூம்புகார் கப்பல் கழகம் ஏற்பாடு செய்யும் கப்பலில் எண்ணூருக்கோ தூத்துக்குடிக்கோ கொண்டுவந்து இறக்கி, மேட்டூர் என்றால் அங்கிருந்து மறுபடி ரயிலேற்ற வேண்டும். வழியில் புயல் வந்தாலும் வேகன் கிடைக்காவிட்டாலும் துறைமுகத்தில் இடமில்லாவிட்டாலும் சிக்கல்தான். நெய்வேலியின் கரிக்கு அந்தக் கவலைகளில் ஒன்றுகூடக் கிடையாது. வெளிநாட்டு நிலக்கரிச் சந்தையில் விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, பெல்ட் தன்பாட்டுக்கு ஓடியது. தமிழகத்துக்கும் புதுச்சேரி, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானாவுக்கும் போகும் அந்த மின்சாரம் அந்த நாட்களில் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை மின்வாரியத்தில் பணியாற்றியவர்கள் அறிவார்கள்.

கரிக்கான சங்கிலி குட்டைதான். ஆனால் அந்தக் கரியை வெட்டும் இயந்திரத்துக்கான சங்கிலி கடல் கடந்து போகிறது. பக்கத்திலேயே செய்கிறோம் என்று பெருமைப்படும் எந்தத் தொழிலும் இதை யோசிக்க வேண்டும்.

சுரங்கத்தின் விளிம்பில் நின்று பார்க்கும்போது சக்கரத்தைச் சுற்றிலும் தொட்டிகள் பூட்டிய பிரம்மாண்டமான பக்கெட் வீல் இயந்திரங்கள் மெல்ல அசைவது தெரியும். ஜெர்மனியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களுக்காக உருவான தொழில்நுட்பம் அது. அங்கே மண் மிருது. இங்கே மணற்கல்லில் கொத்தியபோது தொட்டிகளின் பற்கள் மளமளவென்று தேய்ந்தன. பல்லின் வடிவத்தையும் உலோகத்தையும் நம் மண்ணுக்கேற்ப மாற்ற வேண்டியிருந்தது. வெடி வைத்து மண்ணைத் தளர்த்தும் பழக்கமும் அந்தத் தேய்மானத்தைக் குறைக்க வந்ததுதான். இயந்திரத்தை வாங்கிவிடலாம், அதை நம் நிலத்துக்குப் பழக்குவது நம் கையில்தான் இருக்கிறது என்பதற்கு அந்தப் பற்களே சாட்சி.

பெல்ட்டையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். இரண்டு மீட்டருக்கும் மேல் அகலமான பெல்ட்டுகள் உண்டு. ரப்பருக்குள்ளே வரிசையாக எஃகுக் கம்பி வடங்கள் ஓடும். பெல்ட் அறுந்தாலோ புதுத் துண்டு சேர்க்க வேண்டியிருந்தாலோ ஊசி நூலால் தைக்கிற வேலை இல்லை அது. இரு முனைகளிலும் ரப்பரைச் சீவி எடுத்து, வடங்களை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து சுத்தம் செய்து, ஒரு முனையின் வடங்களுக்கு நடுவே மறுமுனையின் வடங்களைக் கோத்துப் பரப்பி, மேலும் கீழும் புது ரப்பர் வைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்து மணிக்கணக்கில் வேக வைக்க வேண்டும். வரிசை கொஞ்சம் கோணினாலும் பெல்ட் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடும். மே மாத வெயிலில், நிழல் என்பதே இல்லாத சுரங்கத்துக்குள், பெல்ட் எப்போது ஓடும் என்று மேலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும்போது இதைச் செய்து முடிக்கிற கைகளைப் பற்றி எந்த உலகக் குறியீட்டிலும் ஒரு வரி இராது. சங்கிலி ஓடுவது அவர்களால்தான்.

சோவியத் கட்டித் தந்த முதல் அனல்மின் நிலையத்தின் ஆயுளும் இதையே சொல்கிறது. அதை உருவாக்கிக் கொடுத்த நாடே 1991இல் இல்லாமல் போயிற்று. நிலையமோ அதற்குப் பிறகும் ஏறத்தாழ 29 ஆண்டு ஓடி, 2020 செப்டம்பர் 30 அன்றுதான் முழுமையாக ஓய்வுபெற்றது. இத்தனை காலம் ஒரு பழைய நிலையத்தை உயிரோடு வைத்திருந்த பொறியாளர்களும் பட்டறைத் தொழிலாளர்களும் எனக்கு மிகுந்த மரியாதைக்குரியவர்கள். அதற்கு மாற்றாக வந்த 1,000 மெகாவாட் புது அனல்மின் நிலையத்துக்குக் கொதிகலனும் டர்பைனும் செய்து தந்தது நம் பெல் நிறுவனம். அந்த அளவில் சங்கிலி இன்னும் சுருங்கியிருக்கிறது.

சுரங்க இயந்திரங்களில் அந்த நிம்மதி இன்னும் வரவில்லை. உலகில் இவ்வளவு பெரிய இயந்திரங்களைச் செய்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களும் ஒருவருக்குள் ஒருவர் கரைந்துகொண்டே வருகிறார்கள். க்ரூப், ஓ அண்ட் கே ஆகிய பழைய ஜெர்மன் பெயர்கள் தைசன்க்ரூப்பில் சேர்ந்தன. அதன் சுரங்கத் தொழிலை 2022இல் டென்மார்க்கின் எஃப்எல்ஸ்மித் வாங்கிக்கொண்டது. இன்னொரு பெயரான டாக்ராஃப் இன்று இத்தாலிய டெனோவா குழுமத்துக்குச் சொந்தம். அதன் அலுவலகம் ஒன்று சென்னையிலேயே இருப்பது நமக்கு நல்லது. இதைவிட முக்கியமானது, ஜெர்மனி 2038க்குள் நிலக்கரியையே கைவிடுவது என்று 2020இல் சட்டம் இயற்றிவிட்டது. அங்கே சுரங்கங்கள் மூடப்பட்டால் இந்த இயந்திரங்களுக்குப் புதிய வடிவமைப்பும் உதிரிபாகமும் யார் செய்வார்கள்? வாங்குபவர் குறைந்தால் செய்பவரும் குறைவார். உலக உற்பத்தியின் போக்கு என்று நாம் பொதுவாகச் சொல்வது இப்படித்தான் ஓசையில்லாமல் நெய்வேலியின் பட்டறை வாசலுக்கு வந்து நிற்கிறது. கடலூர் மாவட்டத்துச் சிறு வார்ப்பாலைகளும் லேத் பட்டறைகளும் இந்த இடத்தில்தான் முன்னே வர வேண்டும். அவர்களுக்கு ஆர்டரும் சரியான நேரத்தில் பணமும் கிடைப்பது அவர்கள் நலனோடு நிற்கிற விஷயம் இல்லை; நம் வீட்டு விளக்குக்கும் அதில் பங்கு இருக்கிறது.

நெய்வேலிக்குப் பக்கத்திலேயே உலகச் சங்கிலியின் வேறொரு முகமும் இருக்கிறது, பண்ருட்டியில். பலாவுக்கும் முந்திரிக்கும் பேர்போன ஊர். பண்ருட்டி முந்திரி என்று நாம் பாயசத்தில் போடுவதில் பெரும்பகுதி, ஐவரி கோஸ்ட், தான்சானியா போன்ற ஆப்பிரிக்க நாடுகளில் காய்த்துக் கப்பலில் வந்து இங்கே உடைபட்ட கொட்டை. உள்ளூர் மகசூல் சில மாதங்களில் தீர்ந்துவிடும். பட்டறைகள் ஆண்டு முழுவதும் ஓட வேண்டுமானால் ஆப்பிரிக்கக் கொட்டை வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்த வட்டாரத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனபின் அந்தச் சார்பு இன்னும் கூடியது. இப்போது ஐவரி கோஸ்ட் தன் கொட்டையைத் தானே உடைத்துப் பருப்பாக விற்க முனைப்பாக இருக்கிறது. வியட்நாமின் இயந்திரங்கள் ஏற்கெனவே பண்ருட்டியோடு போட்டி போடுகின்றன. தோலெண்ணெய் பட்டுக் கையெல்லாம் கறுத்துப்போன பெண்கள் கொட்டை உடைக்கும் கொட்டகைகளில் இந்த உலகப் போட்டியின் முழுப் பாரமும் இறங்குகிறது. பண்ருட்டியின் சங்கிலி நீளம், நெய்வேலியின் சங்கிலி குட்டை. இரண்டிலும் கடைசிக் கண்ணியில் நிற்பவர் கூலித் தொழிலாளிதான்.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

சங்கிலி நீளமாக இருந்தால் அதன் வலி பல நாடுகளில் பரவிக் கிடக்கும். வாங்குபவர் கண்ணில் படாது. குட்டையாக இருந்தால் மொத்த வலியும் பக்கத்து வயலில் விழும். சுரங்கம் ஓரிடத்தில் நிற்பதில்லை. கரி தீரத் தீர முன்னே நகர்ந்துகொண்டே இருக்கும். அதன் முன்னே இருப்பது ஊர்கள், வயல்கள், வாய்க்கால்கள், குலதெய்வக் கோயில்கள். முதல் சுரங்கத்துக்காக வீடும் நிலமும் கொடுத்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் வேலை கேட்டு இன்றும் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

2023 ஜூலை கடைசி வாரத்தில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டாம் சுரங்கத்தின் விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய் வெட்டும் வேலை. கதிர் விடும் பருவத்தை நோக்கி வளர்ந்து நின்ற நெற்பயிரின் மேல் மண்வாரி இயந்திரங்கள் ஏறின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தி இழப்பீடு கொடுத்தது, கால்வாய் முடியாவிட்டால் சுரங்கம் நகர முடியாது, மின்னுற்பத்தி பாதிக்கப்படும் என்பது நிறுவனத்தின் வாதம். வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எம். தண்டபாணி அந்தக் காட்சியைப் பார்த்துத் தமக்குக் கண்ணீர் வந்ததாக நீதிமன்றத்திலேயே சொன்னார். அறுவடை வரை காத்திருக்க முடியாதா என்ற கேள்வி தமிழ்நாடு முழுவதும் எழுந்தது. நிலத்தின் சட்டப்படியான உரிமை யாருக்கு என்பதை விட்டுவிடுகிறேன். அது நீதிமன்றத்தின் வேலை. என் மனத்தைக் குடைவது வேறு. பெருந்தொழில் ஒன்றின் திட்டத்தில், பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த ஒரு வேலைக்கு, ஒரு நெற்பயிர் விளைந்து முடிகிற கால அவகாசம்கூட மிச்சம் இல்லாமல் போனது எப்படி?

கையிருப்பே இல்லாமல் இழுத்துக் கட்டிய சங்கிலியில் இப்படித்தான் நடக்கும். நேரம் நெருக்கும்போது அவகாசத்தை யாரிடமாவது பிடுங்கியாக வேண்டும். பலம் குறைந்தவரிடம்தான் பிடுங்குவார்கள். இங்கே டொயோட்டாவிடமே ஒரு பாடம் இருக்கிறது. கிடங்கே வேண்டாம் என்று உலகுக்குச் சொன்ன அதே நிறுவனம், 2011 ஜப்பான் நிலநடுக்கத்தில் அடிபட்ட பிறகு, சிப் போன்ற சில பொருட்களை மாதக்கணக்கில் கையிருப்பாக வைக்கும்படி தன் சப்ளையர்களிடம் கேட்டுக்கொண்டது. 2021இல் மற்ற ஆலைகள் தடுமாறியபோது அது சில மாதங்களாவது தாக்குப்பிடித்ததற்கு அது காரணம். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நெய்வேலிக்குப் பக்கத்திலிருக்கும் வடலூரில் 1867 மே 23 அன்று வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு அன்றிலிருந்து அணைந்ததில்லை. பஞ்சம் வந்தது, போர் வந்தது, புயல் வந்தது; சோறு நிற்கவில்லை. யார் யாரோ எந்தெந்த ஊரிலிருந்தோ அனுப்பும் அரிசியும் காய்கறியும் ஓரிடத்தை மட்டும் நம்பி இல்லை. நாளைக்கு வேண்டியது இன்றே இருப்பில் இருக்கும். நெய்வேலிக் கரியைக் குவித்து வைக்க முடியாது என்பது உண்மை. நிலத்தைப் பற்றிய முடிவுகளையும் பேச்சுவார்த்தையையும் மறுவாழ்வு ஏற்பாட்டையும் முன்கூட்டியே செய்து வைக்க முடியும். அந்தக் கையிருப்பைத்தான் நான் கேட்கிறேன்.

தொழிலாளர் விஷயத்திலும் அதே கதைதான். 2020 மே 7 அன்றும் ஜூலை 1 அன்றும் இரண்டாம் அனல்மின் நிலையத்தின் கொதிகலன் பகுதியில் நடந்த வெடி விபத்துகளில் பல உயிர்கள் போயின. அவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தார்கள். இரண்டு விபத்துக்கும் நடுவே இரண்டு மாதம்கூட இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிரந்தர வேலை கேட்டு நடத்தாத போராட்டம் இல்லை. ஒரே கொதிகலன் முன்னே ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவருக்கு டவுன்ஷிப்பில் வீடும் மருத்துவமனையும், மற்றவருக்கு மந்தாரக்குப்பத்துப் பக்கம் வாடகை வீடும் தினக்கூலியும் என்ற நிலை நீடிக்கும்வரை அந்தத் தொழிலின் செயல்திறனை எந்த எண்ணால் அளந்தாலும் எனக்கு ஒப்பாது.

செயல்திறன் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. உலக வங்கி வெளியிடும் சரக்குப் போக்குவரத்துத் திறன் பட்டியலில் இந்தியா 2018இல் 44ஆம் இடத்தில் இருந்தது, 2023இல் 38ஆம் இடத்துக்கு முன்னேறியது. மகிழ்ச்சியான செய்திதான். சுங்க நடைமுறை, உள்கட்டமைப்பு, கப்பல் ஏற்பாடு, சேவைத் தரம், சரக்கைத் தடம் பிடிப்பது, நேரம் தவறாமை என்று ஆறு அளவுகோல்களை வைத்து அதைக் கணக்கிடுகிறார்கள். சரக்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஓர் அளவுகோல் இருக்கிறது. அந்தச் சரக்குக்காக நிலம் கொடுத்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள ஒன்று வேண்டாமா? புதிய ஆலைகளுக்காகத் தமிழ்நாட்டில் இன்னும் எத்தனையோ ஊர்களில் நிலம் எடுக்கப்போகிறார்கள். அந்த ஆலைகளை நான் வரவேற்கிறேன்; நம் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். கோப்பில் கையெழுத்துப் போடுமுன் அதிகாரிகள் ஒரு நடை நெய்வேலியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போய்ப் பேசிவிட்டு வரட்டும் என்பதே என் வேண்டுகோள்.

நெய்வேலிக்கே இனி என்ன காலம் என்ற கேள்வியும் இருக்கிறது. பழுப்பு நிலக்கரி அதிக மாசு தரும் எரிபொருள்களில் ஒன்று. உலகம் அதைக் கைவிடும் திசையில் போகிறது. என்எல்சி நிறுவனமும் சூரிய மின்சாரத்தில் இறங்கியிருக்கிறது. சூரியத் தகடுகளில் பெரும்பகுதி சீனாவைச் சார்ந்த சங்கிலியில் வருபவை என்பதால், குட்டையாக இருந்த சங்கிலி ஒரு பக்கம் மறுபடி நீளும். ஒரு காலத்தில் நெய்வேலியில் யூரியா செய்தார்கள். வெட்டிய கரியை அழுத்திச் சுட்டு லெக்கோ என்ற பெயரில் அடுப்புக்கரி விற்றார்கள். அந்த அடுப்பில் சமைத்த வீடுகள் தமிழ்நாட்டில் எத்தனையோ. மேல் மண்ணிலிருந்து வெண்களிமண்ணைப் பிரித்தெடுத்தார்கள். ஒரே குழியிலிருந்து பல பொருள் என்ற அந்தப் பழைய கனவில் உர ஆலையும் லெக்கோவும் மூடிப்போய்விட்டன. இன்று கொதிகலன் சாம்பல் சிமென்ட்டுக்கும் செங்கல்லுக்கும் போகிறது. சுரங்கம் ஓய்ந்த பிறகு அந்த நிலத்திலும் அந்தப் பட்டறைகளிலும் என்ன செய்யலாம் என்று இப்போதே யோசிப்பதற்கு நெய்வேலியில் படித்தவர்களுக்கும் கைதேர்ந்த தொழிலாளர்களுக்கும் பஞ்சமில்லை.

இந்த இதழில் ஓசூர் வாகன உதிரிபாகப் பட்டறைகளைப் பற்றியும் திருப்பூரின் ஏற்றுமதி நெருக்கடியைப் பற்றியும் கட்டுரைகள் வந்திருக்கின்றன. பண்ருட்டி முந்திரிக் கொட்டகைகளைப் பற்றிய படக்கட்டுரையை அவசியம் பாருங்கள். அதற்காக எங்கள் புகைப்படக்காரர் புகையிலும் சூட்டிலும் நாள்கணக்கில் நின்றிருக்கிறார்.

உங்களிடம் கேட்பதற்கும் ஒன்று இருக்கிறது. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள், சோவியத் இயந்திரங்களை எப்படிப் பழுதுபார்த்து ஓட்டினீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். கிடைக்காத உதிரிபாகத்துக்கு மாற்றாக எதைக் கடைந்து போட்டீர்கள், யாரிடம் கற்றீர்கள் என்ற விவரங்களோடு எழுதினால் இன்னும் நல்லது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பத்தினர், உங்கள் பழைய ஊரின் பெயர், அதன் தெருக்கள், ஏரி, கோயில், இப்போது யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதை எழுதுங்கள். கையால் வரைந்த ஊர்ப்படம் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்பலாம். பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். எழுதச் சிரமப்படுகிறவர்கள் எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னால் நாங்களே ஆளனுப்பிக் கேட்டு எழுதிக்கொள்கிறோம். வரும் கடிதங்களைத் தொகுத்து, அடுத்த இதழிலிருந்து தொடராக வெளியிட ஏற்பாடு செய்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்